‘பல்மனரி ரிஹாபிலிடேஷன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், வணக்கம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கான கையேடு இவ்வார இறுதியில் அச்சுக்குப் போகிறது. மூச்சுத்திணறலுக்கு அஞ்சி நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்பவருக்குக் கால் தசைகள் தளர்ந்து, அதனாலேயே சிறு வேலைக்கும் முன்னைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறது. இந்தச் சுழலை உடைப்பதற்காக, உடற்பயிற்சியை நடுவாக வைத்து, உதட்டைக் குவித்து மூச்சுவிடுதல், உணவு, மருந்தைக் கையாளும் முறை, மனத்துணை ஆகியவற்றையும் சேர்த்துப் பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் வரை நடத்தும் திட்டத்திற்குப் பெயர் வேண்டும். ‘நுரையீரல் மறுவாழ்வு’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் ‘மறுவாழ்வு’ என்றதும் பலருக்கும் போதை மீட்பு இல்லமே நினைவுக்கு வருகிறது.

தமிழாசிரியர்:
‘வளிமீட்சி’ என்று சொல்லலாம். ‘உந்தி முதலா முந்துவளி தோன்றி’ என்று தொல்காப்பியம் உடலுள் எழும் காற்றை ‘வளி’ என்றே குறிக்கிறது. ‘மீட்பு’ என்றால் பிறர் மீட்பது. ஆள் – ஆட்சி போல மீள் – மீட்சி, அது தானே மீள்வது. நோயாளி தம் உழைப்பால் பெறுவதற்குத் தன்வினைதான் பொருந்தும். இலங்கைத் தமிழில் பழகிய ‘புனர்வாழ்வு’ எளிதில் விளங்கினாலும், ‘புனர்’ வடசொல் என்பதால் எனக்கு உடன்பாடில்லை.

நுரையீரல் மருத்துவர்:
ஐயா, ‘மீட்சி’ பற்றிய உங்கள் விளக்கத்தை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்ற குறளில் வளி என்பது வாதம். சித்த மருத்துவம் அறிந்தவர் நம் சொல்லையும் அப்படியே படிப்பார். அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. இப்பயிற்சியால் சிதைந்த நுரையீரல் சீராவதில்லை. ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் சோதனையின் அளவுகள் ஏறக்குறைய அப்படியே இருக்க, 6 நிமிட நடைச் சோதனையில் நடக்கும் தொலைவு கூடுகிறது, மூச்சுத்திணறல் தணிகிறது. மீள்வது உறுப்பன்று, ஆளின் இயங்கும் திறன். அதனால் ‘நுரையீரல் நோயருக்கான திறன்மீட்சி’ என்பேன்.

தமிழாசிரியர்:
‘நோயர்க்கான’ என்பதே செறிவு. ஆயினும் இது சொல்லன்று, தொடர். கலைச்சொல் சுருங்க வேண்டும். ‘மூச்சுத்திறன் மீட்சி’ போதாதா?

மொழிபெயர்ப்பாளர்:
தனிமடலில் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் ‘மூச்சுத்திறன் மீட்சி’யையே ஏற்றதால், அதையே தலைப்பில் இட்டு, முதல் முறை வரும் இடத்தில் ‘நுரையீரல் மறுவாழ்வு’ என்பதையும் அருகில் தருகிறேன். இதற்குமேல் காத்திருக்க அச்சகம் இடம் தராது.

நுரையீரல் மருத்துவர்:
என் மறுப்பு நிற்கிறது. ‘மூச்சுத்திறன்’ மீளும் என்று நம்பிப் பயிற்சிக்கு வருபவர், ஊதும் சோதனையில் எண் ஏறவில்லை என்று கண்டதும் பயன் இல்லை என முடிவுகட்டிப் பாதியிலேயே நின்றுவிடக்கூடும். தலைப்பை மாற்ற முடியாதென்றால், ‘ஊதும் அளவு மாறாமல் இருக்கலாம், நீங்கள் நடக்கும் தொலைவு கூடும்’ என்ற வரியையாவது அதன் கீழேயே அச்சிடுங்கள்.