கடன் அறிக்கையில் யாரோ ஒருவரின் கைப்பேசி எண்: எப்படி நீக்குவது?

நண்பர்களுக்கு வணக்கம். கடன் தகவல் நிறுவனங்களோடு (நம் கடன் வரலாற்றைத் திரட்டி மதிப்பெண் போடும் சிபில் போன்றவை) மல்லுக்கட்டி வென்றவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். மதிப்பெண்ணில் குறையில்லை. ஆனால் என் பான் எண்ணோடு, முன்பின் தெரியாத ஒரு கைப்பேசி எண்ணும் நான் குடியிருந்தே இராத ஒரு முகவரியும் சேர்ந்திருக்கின்றன. போதாததற்கு, நான் கடனே கேட்காத ஒரு நிதி நிறுவனம் மார்ச் மாதம் என் விவரங்களைப் பார்த்ததாகப் பதிவு. தனிநபர் கடன், ரூ.50,000 என்று தொகை வேறு போட்டிருக்கிறார்கள்!

தகவல் நிறுவனத்திடம் புகார் செய்தால், 'கடன் நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் திருத்துவோம்' என்கிறார்கள். அந்த நிதி நிறுவனமோ வாயே திறப்பதில்லை. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்கிறது ரிசர்வ் வங்கி விதி. எனக்கு அந்தக் காசு வேண்டாம், அந்த எண் ஒழிந்தால் போதும்.

(அறிக்கையின் படத்தைக் கேட்காதீர்கள்; அதில் என் முழு ஜாதகமே இருக்கிறது.)

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இரு நிறுவனங்கள் மீதும் ஒரே மனுவாகக் கொடுக்கலாமா, தனித்தனியாகவா? நான் ஒப்புதல் தந்ததற்கான ஆதாரத்தை நிதி நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டுப் பெற்றவர்கள் உண்டா? மற்ற மூன்று தகவல் நிறுவனங்களுக்கும் இப்போதே எழுதிவிடுவது நல்லதா?