நெப்ராஸ்கா காணிக் கடதாசியை எங்கே தேடுவது?

வெள்ளவத்தையிலிருந்து கேட்கிறேன். மருமகன் அமெரிக்கர். அவருடைய பூட்டனாரின் தகப்பனார் 1874இல் நெப்ராஸ்காவிலிருந்து எழுதிய கடிதங்களை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். கடதாசியை மிச்சம்பிடிக்க, எழுதிய பக்கத்தையே திருப்பிக் குறுக்காகவும் எழுதியிருக்கிறார் மனுசன்! பூதக்கண்ணாடியோடு இருக்கிறேன். வெட்டுக்கிளி சோளத்தை முடித்துவிட்டதாம். வீடு புல்லோடு வெட்டிய மண்கட்டியாம். காணி எது என்று மட்டும் சொல்லவில்லை.

பதில்: ஐயா, அரசு கொடுத்த உறுதியை அமெரிக்க நில முகாமைத்துவப் பணியகத்தின் இணையத்தளத்தில் பெயர் போட்டு இலவசமாகத் தேடலாம். நம்மூர் உறுதி மாதிரி வேலி, பனை, அயற்காணிக்காரர் பெயர் எல்லாம் இராது. சதுரக் கட்டமும் இலக்கமும்தான். ஒரு கட்டம் 640 ஏக்கர். குடியேறுவோருக்கு அரசு காணி கொடுத்த 1862 சட்டத்தில் ஆளுக்கு அதிகபட்சம் 160 ஏக்கர்.

இன்னொருவர்: 1874இல் தேடாதீர்கள். வழக்கமாக ஐந்து வருடம் குடியிருந்த பிறகுதான் உறுதி. வொஷிங்டன் தேசிய சுவடிக்கூடத்தில் அந்தக் காணிக்கான கோப்பையும் கேளுங்கள், காசு கட்டவேண்டும். வீட்டின் அளவு, உழுத ஏக்கர் என்று இரண்டு சாட்சிகள் சொன்னது அதில் இருக்கும். எனக்கென்றால் கடிதத்தைவிட அதுதான் சுவை.

கேட்டவர்: சரி தம்பி. வெட்டுக்கிளிக்குப் பயந்து இடையில் விட்டுவிட்டுப் போயிருந்தால்?

பதில்: அந்தக் கோப்புகளும் உண்டு, ஐயா. பெயரை வைத்துப் பிடிப்பது கஷ்டம். காணி இலக்கம் வேண்டும். கடித உறையில் ஊர்ப் பெயரோடு தபால் முத்திரை இருக்கிறதா?