செரெங்கெட்டியிலிருந்து நேட்ரான் ஏரிக்கு அம்மாவை எப்படி அழைத்துப் போவது?

வரும் செப்டம்பரில் 9 நாள் தான்சானியா பயணம். கடைசிக் கட்டத்தில் சிக்கி நிற்கிறோம். அருஷாவில் தொடங்கி ஏயாசி ஏரியருகே வேட்டையாடி வாழும் ஹட்சா மக்கள், ங்கொரோங்கோரோ எரிமலைப் பள்ளம், பிறகு காட்டுமாடுகள் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க செரெங்கெட்டியின் வடக்கே கோகாடெண்டே, இதுவரை சரி. அங்கிருந்து லோலியோண்டோ வழியாக நேட்ரானுக்கு இறங்கும் கரடுமுரடான பாதைதான் கவலை.

அம்மாவுக்கு 68 வயது, முதுகுத்தண்டில் தேய்மானம். இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்தாலே போர்வையை மடித்து இடுப்புக்கு முட்டுக் கொடுத்துக்கொள்வார். ஆனால் பூநாரைகளையும் ஒல் டோயின்யோ லெங்காய் எரிமலையையும் பார்ப்பது அவருடைய நெடுநாள் ஆசை, விட மனமில்லை.

மூன்று ஏற்பாட்டாளர்களைக் கேட்டோம். ஒருவர் ஆறு மணி நேரம் என்கிறார், இன்னொருவர் பத்து என்கிறார், மூன்றாமவரிடமிருந்து பதிலே இல்லை. சிறு விமானத்தில் அருஷா திரும்பினால் ஒரு நாள் போய்விடுகிறது.

அந்தப் பாதையில் போனவர்கள் சொல்லுங்கள்: லோலியோண்டோ பகுதியில் ஓர் இரவு தங்கி, பயணத்தை இரண்டாகப் பிரிக்க முடியுமா?