பாப் யூக்கர்: ஆறு சீசன் கேட்சர், அரை நூற்றாண்டுக் குரல்

மில்வாக்கிக்கு வேலைக்கு வந்த புதுசுல பேஸ்பால்னா என்னன்னே தெரியாது. சாயங்காலம் கூட வேலை பார்க்கிறவர் கார்ல திரும்பும்போது ரேடியோல உள்ளூர் டீம் ப்ரூவர்ஸோட மேட்ச் ஓடும். வர்ணனை பண்றவர் தன்னையே ஓட்டிக்கிறதுலதான் குறியா இருப்பார். விசாரிச்சா, பாப் யூக்கர், இதே ஊர்க்காரர். 1962ல இருந்து 1967 வரைக்கும் அமெரிக்காவோட உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்ல கேட்சர், நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி. 731 தடவை அடிக்க நின்னு 146 ஹிட், அதாவது அடிச்சுட்டுப் பத்திரமா பேஸ் போய்ச் சேர்ந்தது. சராசரி .200, அதுவும் ரவுண்டு பண்ணினாத்தான். ஹோம் ரன் 14. அதுல ஒண்ணு 1965ல பெரிய பந்து வீச்சாளர் சாண்டி கூஃபாக்ஸ் பந்துல! அந்த ஒரு அடியால கூஃபாக்ஸுக்கு ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான கௌரவம்) கிடைக்காமப் போயிடுமோன்னு பயந்ததாச் சொல்லிச் சிரிக்க வைப்பார். 1971ல மைக் பிடிச்சவர், 2025 ஜனவரியில 90 வயசுல போய்ச் சேர்ற வரைக்கும் விடல.

*

அவர் ஜோக்கை நம்பி அவரை மட்டமான ஆட்டக்காரர்னு முடிவு கட்டிடாதீங்க. 1967ல பிடிக்காம விட்ட பந்து 27, லீக்லயே அதிகம். சரி, எறிஞ்சது யாரு? அட்லாண்டா பிரேவ்ஸ்ல ஃபில் நியெக்ரோ. நக்கிள்பால். சுழலாம வர்ற பந்து, வழியில எந்தப் பக்கம் வேணா ஆடும், எறிஞ்சவருக்கே தெரியாது. விக்கெட் கீப்பிங் பண்ணினவங்களுக்கு அந்த வலி புரியும். பந்து உருண்டு நின்னதும் போய் எடுத்துக்கிறதுதான் வழின்னு யூக்கர் சொன்னது பிரபலம். ஆனா வேற பந்து போடச் சொல்லியிருந்தா அவர் கணக்கு சுத்தமா இருந்திருக்குமே? அதைச் செய்யல. நக்கிள்பாலையே போடு, பிடிக்கிறது என் பாடுன்னுட்டார். இதை நியெக்ரோவே சொல்லியிருக்கார். அந்த வருஷம் நியெக்ரோவோட ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பந்துல விட்டுக்கொடுத்த ரன் சராசரி) 1.87, மேஜர் லீக்கோட ஒரு பாதியான நேஷனல் லீக்ல அதைவிடக் குறைச்சல் யாருக்கும் இல்ல. பின்னாடி 318 வெற்றி, 1997ல ஹால் ஆஃப் ஃபேம். யூக்கருக்கு அந்த சீசனோட ஆட்டம் முடிஞ்சுது.

*

நான் பார்த்தது சிலையைத்தான். ப்ரூவர்ஸ் மைதானத்துல 422வது பகுதி, மேல் தட்டுல கடைசி வரிசை. ஏறிப் போறதுக்குள்ள மூச்சு வாங்கிடும். கூரையோட இரும்பு கண்ணை மறைக்கிற இடம், அதனால ஒரு டாலருக்கு வித்த சீட்டுங்க. பேரே யூக்கர் சீட். பழைய பீர் விளம்பரத்துல 'எனக்கு முன் வரிசையாத்தான் இருக்கும்'னு பந்தாவாக் கிளம்பி, உச்சாணியில தனியா உட்கார்ந்திருப்பாரே, அந்த ஜோக்குக்கே சிலை வெச்சிருக்காங்க. பக்கத்து சீட்ல உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கலாம். என் பொண்ணு நேரா மடியிலயே ஏறிட்டா.

இன்னொண்ணு. 1964ல கார்டினல்ஸ் டீம் சாம்பியன் பட்டத்துக்கான வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சப்போ யூக்கரும் அதுல இருந்தார். ஏழு மேட்சும் டிம் மெக்கார்வர்தான் கேட்சர், இவர் இறங்கவே இல்ல. மேட்சுக்கு முன்னாடி பேண்டுக்காரங்க வெச்சுட்டுப் போன டியூபாவை (பெரிய வாய் வெச்ச பித்தளை ஊதுகுழல்) தூக்கி, பயிற்சியில மேல இருந்து வர்ற பந்தையெல்லாம் அதுக்குள்ள பிடிச்சிருக்கார். டியூபா நசுங்கிடுச்சு. அதுக்குப் பில் வந்த கதையை அவர் சொல்லிக் கேட்கணும்.