சார்பு வேகம்: காற்றில் போகும் விமானக் கணக்கில் விடை பிழைக்குது, உதவுங்க

கல்லடி மாணவி:
காற்றுக்குச் சார்பாக விமானத்தின் கதி மணிக்கு 200 கி.மீ. மேற்கிலிருந்து 50 கி.மீ. காற்று. விமானம் நேர் வடக்கே போக வேண்டும். நான் வர்க்கித்துக் கூட்டினேன்: 206 கி.மீ., மூக்கு வடக்கிலிருந்து மேற்கே 14.0°. விடையில் 194, 14.5°. எங்க பிழை?

அக்கரைப்பற்று:
தங்கச்சி, செங்கோணத்தைப் பிழையான மூலையில் வைத்திட்டீங்க. 200 என்பது மூக்குப் பார்க்கும் பக்கத்துக் காவி (அளவும் திசையும் உள்ள அம்பு). வடக்கே போக வேண்டியது விளையுள் (விமானக் காவியும் காற்றுக் காவியும் சேர்ந்து வருவது). காற்று கிழக்கே தள்ளுது, ஆகவே விளையுளுக்கும் காற்றுக்கும் இடையில்தான் 90°, 200 செம்பக்கம் (செங்கோணத்துக்கு எதிர்ப்பக்கம்). சைன் θ = 50/200, θ = 14.5°. கதி √(200² − 50²) = 193.6.
நீங்க கண்ட 206, மூக்கை வடக்கே பிடித்தால் வரும் கதி. அப்போ விமானம் 14.0° கிழக்கே விலகிப் போகும். முகத்துவாரத்து நீரோட்டத்தில் தோணியின் அணியத்தை (முன்பக்கத்தை) எதிர்க்கரைக்கு நேரே பிடிப்பதும், கொஞ்சம் மேலே பிடிப்பதும் போல இவை இரண்டு வேறு கணக்கு. “மூக்கு வடக்கே”யா, “பாதை வடக்கே”யா என்று முதலில் கேள்வியில் கோடிடுங்க.

கல்லடி மாணவி:
விளங்கிட்டு. சாய்வான பாதையில் செய்து பார்த்தேன்: ரத்மலானையிலிருந்து மட்டக்களப்பு, சுமார் 220 கி.மீ., திசைகோள் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் கோணம்) 064°, அதே காற்று. மூக்கு 070°, 86 நிமிடம் வருது. கச்சான் (மேல்காற்று) பின்னால தள்ளும்போது இவ்வளவு நேரமா?

களுவாஞ்சிகுடி:
சந்தேகம் நியாயமானது. காற்றின் அம்பைத் தலைகீழாகக் கீறியிருக்கீங்க. காற்றுக்குச் சொல்லும் திசை அது வரும் திசை. கச்சான் மேற்கிலிருந்து வருவது, அம்பு கிழக்கே, 090°.
இதில் முக்கோணியை விடக் கூறாக்கம் (காற்றைப் பாதை வழியாகவும் குறுக்காகவும் பிரிப்பது) சுகம். பாதைக்கும் அம்புக்கும் இடைக்கோணம் 26°. பாதை வழியே 50 கோசைன் 26° = 44.9, குறுக்கே வலப்புறம் 50 சைன் 26° = 21.9. குறுக்குக் கூறை மூக்கு இடப்புறம் திரும்பி ஈடுசெய்ய வேணும்: சைன் θ = 21.9/200, θ = 6.3°. மூக்கு 058°. கதி 200 கோசைன் 6.3° + 44.9 = 243.7, 54 நிமிடம்.
உங்கட 86 வீணில்லை, அது திரும்பி வரும் நேரம் (198.8 − 44.9 = 153.9). காற்றே இல்லாவிட்டால் போக வர 132 நிமிடம், இந்தக் காற்றில் 140. எதிர்க்காற்றில் கூடிய நேரம் பறப்பதால் லாபமும் நட்டமும் சமனாவதில்லை. எரிபொருளைக் கணிக்கும்போது ஒருவழி நேரத்தை இரட்டிப்பது அதனால்தான் ஆபத்து.

கல்லடி மாணவி:
அம்பைத் திருப்பினேன், 058°, 54 சரியா வந்துட்டு. நன்றி சேர், நன்றி அண்ணா.