மருத்துவமனைப் பணியாளர்களுக்குத் தடுப்பூசியை அரசு கட்டாயமாக்கலாமா?

கேள்வி – செவிலியர், கீழ்ப்பாக்கம்

கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று நாடு முழுவதும் தொடங்கியபோது, முதலில் போட்டுக்கொண்டவர்கள் எங்களைப் போன்ற மருத்துவப் பணியாளர்கள்தாம். நான் விரும்பியே போட்டுக்கொண்டேன். என்னுடன் பணிபுரியும் ஒருவரோ, தம் உடலுக்குள் எது செல்லலாம் என்று அரசு ஆணையிட முடியாது என்கிறார். நோயாளியின் பாதுகாப்பைவிட அவருடைய உரிமை பெரிதா?

பதில் – வழக்கறிஞர், மயிலாப்பூர்

சகோதரி, கொரோனா தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று நம் உச்ச நீதிமன்றம், உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவின்படி எவருக்கும் வலுக்கட்டாயமாகத் தடுப்பூசி போட முடியாது என்று கூறியது. அதே தீர்ப்பில், பொதுநலன் கருதி அளவுக்கு மீறாத கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 13 அன்று, பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள் அனைவருக்குமான கொரோனா தடுப்பூசி விதியை நிறுத்திவைத்தது. அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் மருத்துவமனைகளின் ஊழியர்களுக்கான விதியை மட்டும் அனுமதித்தது. நோயாளிக்குத் தீங்கிழைக்காமை இத்தொழிலின் அடிப்படைக் கடமை என்பதே அங்கு எடையுள்ள வாதமாக நின்றது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

பதில் – மருத்துவர், தாம்பரம்

எந்தத் தடுப்பூசி என்று கேட்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டு தவணைகள் நோய் தொற்றுவதையே பெரும்பாலும் தடுத்துவிடுவதால், குழந்தைகள் பிரிவிலும் புற்றுநோய்ப் பிரிவிலும் அதைக் கட்டாயமாக்குவதை நான் தயங்காமல் ஆதரிக்கிறேன். கொரோனாத் தடுப்பூசியோ, ஒமிக்ரான் என்ற உருமாறிய வகை வந்த பிறகு கடுமையான நோயிலிருந்து காத்த அளவுக்குத் தொற்றுப் பரவலைத் தடுக்கவில்லை. இங்கிலாந்தில் 2021 நவம்பரில் பராமரிப்பு இல்லப் பணியாளர்களுக்குக் கொண்டுவந்த கட்டாயத்தை 2022 மார்ச்சில் விலக்கிக்கொண்டார்கள். ரத்தத்தின் வழியே தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி முதன்மையாகப் பணியாளரையே காக்கிறது. ஆகவே அந்தத் தடுப்பூசிக்குக் கட்டாயத்தைவிட எடுத்துச்சொல்வதே முறை.

பதில் – தொழிற்சங்கப் பணியாளர், வியாசர்பாடி

மருத்துவர் ஐயா சொல்வதில் ஒன்று விடுபடுகிறது. பயன்படுத்திய ஊசிகள் கலந்த கழிவை அள்ளும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களிடம் எடுத்துச்சொல்வது மட்டும் போதாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்றாம் தவணையை முதல் தவணைக்கு ஆறு மாதம் கழித்தே போடுகிறார்கள். அதற்குள் ஒப்பந்ததாரர் மாறினால், மீதித் தவணைக்கு யார் பொறுப்பு என்பதே தெரியாமல் போகிறது. செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் சம்பளத்துடன் விடுப்புத் தர வேண்டும். அரசு கட்டாயம் என்று ஆணையிடுவதானால், அந்த ஆணை முதலில் நிர்வாகத்தைத்தான் கட்டுப்படுத்த வேண்டும்.