நெயில் டிரில் ஹேண்ட்பீஸ் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது, என்ன செய்யலாம்?

மருதாணி:
பார்லரில் நகத்தில் போட்ட ஜெல் பூச்சை எடுக்க, நகத்தை நீட்டுகிற எக்ஸ்டென்ஷனை ஷேப் செய்ய 30,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 30,000 சுற்று) நெயில் டிரில் மெஷின் வைத்திருக்கிறேன். வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கொஞ்ச நாளாகப் பத்து நிமிடம் ஓட்டினாலே கையில் பிடிக்கிற ஹேண்ட்பீஸ் கொதிக்கிறது, அதன் முனையில் சுழன்று தேய்க்கிற பிட்டும் லேசாக ஆடுகிறது. நேற்று ஒரு கல்யாணப் பெண் நகம் எரிகிறது என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், எனக்கு மனசே சரியில்லை. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடச் சொல்கிறார் ஒரு மெக்கானிக். விடலாமா?

செம்பருத்தி:
வேண்டவே வேண்டாம் சிஸ்டர்! பெரும்பாலான ஹேண்ட்பீஸில் உள்ளே சுழல்கிற தண்டைத் தாங்கும் பேரிங் மூடியே வரும், எண்ணெய் விட்டால் ஜெல் தூசி அதோடு சேர்ந்து பசையாகி உள்ளேயே இறுகிவிடும். முதலில் பிட்டைக் கழற்றி, அதைப் பிடிக்கிற வாயில் எவ்வளவு தூசி அடைந்திருக்கிறது என்று பாருங்கள், சின்ன உலர்ந்த பிரஷால் சுத்தம் செய்யுங்கள், இதைத் தினமும் கடை அடைக்கும்போது செய்ய வேண்டும். அப்புறம் பிட்டின் தண்டைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். நேராக ஓடாமல் குதித்தால் வளைந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். வளைந்த பிட் பேரிங்கையும் சேர்த்துத் தின்றுவிடும். மெஷின் ஓடும்போது பிட்டை இறுக்குகிற பூட்டைத் திருப்புவது, பிட் இல்லாமல் ஓட்டுவது, ஒயரைக் கைப்பிடியில் இறுக்கிச் சுற்றி வைப்பது, இந்த மூன்றும் கூடவே கூடாது.

பூவரசு:
மேலே சொன்னது சரி, ஆனால் அந்தப் பெண்ணுக்கு எரிந்ததற்கு ஹேண்ட்பீஸ் மட்டும் காரணமாக இருக்காது. பிட் மழுங்கினால் நம்மை அறியாமலே அழுத்துவோம், அழுத்தினால் உராய்வு கூடும், ஒரே இடத்தில் இரண்டு நொடி நின்றாலும் சூடு நகத்துக்கு அடியில் இருக்கிற சதைக்குப் போய்விடும். மோட்டாரும் திணறிச் சூடாகும். ஒரு பக்கம் மட்டும் வெட்டுகிற கார்பைடு பிட்டை எதிர்ப்பக்கம் சுழலவிட்டிருந்தாலும் இதே கதைதான், வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஃபார்வர்ட், ரிவர்ஸ் பட்டனைப் பார்த்தீர்களா? ஜெல்லை முழுக்க டிரில்லில் எடுக்காதீர்கள், அடியில் மெல்லிய படலம் இருக்கும்போதே நிறுத்திவிட்டு மீதியை அசிட்டோனில் ஊறவைத்து எடுங்கள். சொந்த நகத்தின் பக்கம் போனால் நான் 5,000 ஆர்பிஎம்மைத் தாண்டுவதே இல்லை.

செம்பருத்தி:
இன்னொன்று, பிட்டைச் சோப்புப் போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கிருமிநாசினியில் போட வேண்டும், எடுத்ததும் ஈரம் போகத் துடையுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். பிட்டில் மாட்டுகிற உப்புத்தாள் வளையமான சாண்டிங் பேண்ட் ஒருவருக்கு ஒன்றுதான், அடுத்தவருக்கு வேண்டாம்.

மருதாணி:
ரொம்ப நன்றி. ஹேண்ட்பீஸின் வாயைத் திறந்தால் வெள்ளைப் பொடி கொட்டுகிறது! பிட்டும் கண்ணாடியில் குதித்தது, புதுசு மாட்டியதும் ஆட்டம் நின்றுவிட்டது. சூடு பாதிதான் குறைந்திருக்கிறது, நடுநடுவே வேகம் இறங்கி ஏறுகிறது, கருகிய வாசனையும் லேசாக வருகிறது.

பூவரசு:
அப்படியானால் மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்துகிற கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இனி ஓட்டாதீர்கள், வாங்கிய இடத்தில் அந்த மாடலுக்கு கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஹேண்ட்பீஸை மட்டும் மாற்றினால் போதும், முழு மெஷினும் வாங்க வேண்டியதில்லை.